மீட்டர்ல முதல் இடம். ஆனா ஆட்டம் தெரியுமா? ரெய்டுக்கு ஆளை எடை போடுவது எப்படி

தூரத்துவில் (இழையைத் தொடங்கியவர்)

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் விளையாட்டுல, மித்திக் ரெய்டுல (பாஸ்ங்கிற பெரிய எதிரியைக் கூட்டமா அடிக்கிற சண்டையோட உச்சக் கடினநிலை) கூட்டம் சரியா 20 பேர். கூடவும் முடியாது, குறைச்சா கஷ்டம். புது ஆள் ஒருத்தரைச் சேர்த்தா, இருக்கிற ஒருத்தரை உட்கார வைக்கணும். தப்பா எடுத்தா ரெண்டு பக்கமும் மனக்கசப்பு.

எல்லாரும் பார்க்கிறது மூணு விஷயம்: ஐட்டம் லெவல் (மாட்டியிருக்கிற பொருட்களோட சராசரி தரம்), ரெய்டர் ஐஓ தளத்து மதிப்பெண், சண்டைப் பதிவுகளை அலசுற வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்துல வர்ற நிறம். இந்த மூணும் எங்கே பொய் சொல்லும்? இதைத் தாண்டி எதைப் பார்க்கணும்? "கூட விளையாடிப் பார்த்தா தெரிஞ்சிடும்"னு மட்டும் சொல்லாதீங்க. விளையாடும்போது கண்ணு எங்கே இருக்கணும்னு சொல்லுங்க.

பதிவுப்புழு

மூன்றில் மிக மோசமான சாட்சி ஐட்டம் லெவல். ஒருவர் எத்தனை வாரமாக விளையாடுகிறார் என்பதை அது சொல்லும், எப்படி விளையாடுகிறார் என்பதைச் சொல்லாது. லிச் கிங் விரிவாக்க காலத்தில் (2008 முதல் 2010 வரை) கியர்ஸ்கோர் என்ற ஆட்-ஆன் (விளையாட்டோடு சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்) எல்லோரையும் ஒரே எண்ணாகச் சுருக்கியது. அதன் விளைவு, தன் வகுப்புக்கு உதவாத பொருளானாலும் எண் பெரிதாக இருந்தால் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

ரெய்டர் ஐஓ ஐந்து பேர் நிலவறைகளின் கணக்கு. மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே உள்ள ஓட்டங்களைத் திறந்து பாருங்கள். அதே உயரத்தில் எத்தனை ஓட்டம், எத்தனை வெவ்வேறு கூட்டத்தோடு? எட்டு நிலவறையும் அதே நாலு பேரோடு ஒரே வாரத்தில் முடிந்திருந்தால் அந்த மதிப்பெண் ஐந்து பேருக்குச் சொந்தம். வெவ்வேறு ஆட்களோடு அதே உயரத்தில் முப்பது, நாற்பது ஓட்டம் இருந்தால் அது அவருக்குச் சொந்தம்.

லாக்ஸ் நிறத்துக்கு வருவோம். அது ஒரு விழுக்காட்டு வரிசை. அதே பாஸ், அதே கடினநிலை, அதே ஸ்பெக் (வகுப்பின் உட்பிரிவு) ஆடியவர்களில் இவர் எத்தனை பேரை முந்தினார் என்பது. 25க்குக் கீழே சாம்பல், பிறகு பச்சை, 50 தொட்டால் நீலம், 75 தொட்டால் ஊதா, 95 தொட்டால் ஆரஞ்சு, 99 இளஞ்சிவப்பு, 100 தங்கம். இதில் கவனிக்க வேண்டியது, வெற்றி பெற்ற சண்டைகள் மட்டுமே இந்த வரிசையில் சேரும். நூறு தடவை எல்லோரையும் சாகடித்துவிட்டு நூற்றியோராவது தடவை நன்றாக அடித்தாலும் பதிவில் நிற்பது அந்த ஒன்றுதான்.

சண்டை நீளமும் எண்ணை ஆட்டிவைக்கும். ஒருவருடைய பெரிய கூல்டவுன் (பயன்படுத்தினால் காத்திருந்துதான் மறுபடி கிடைக்கும் பலமான திறன்) 2 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், ஒவ்வொரு முறையும் 20 விநாடி நீடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் 3:50க்குச் செத்தால் இரண்டு முறை பயன்படும். 230 விநாடியில் 40, அதாவது 17 விழுக்காடு. 4:20க்குச் செத்தால் மூன்று முறை. 260இல் 60, அதாவது 23 விழுக்காடு. ஆள் அதே ஆள்தான். கூடவே ஒரு பிரீஸ்ட் தன் பவர் இன்ஃப்யூஷனை (இன்னொருவரின் வேகத்தைக் கூட்டும் மந்திரம்) யாருக்குக் கொடுத்தார் என்பதையும் பாருங்கள். அதை வாங்கியவரின் ஆரஞ்சு பாதி பிரீஸ்டுடையது.

அதனால் "சிறந்த சராசரி" வேண்டாம், "இடைநிலை சராசரி"யைப் படியுங்கள். சிறந்தது 96, இடைநிலை 48 என்றால் அவருக்கு ஒரு நல்ல நாள் இருந்தது. சிறந்தது 81, இடைநிலை 74 என்றால் நீங்கள் வாங்கப்போவது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

எண்ணே_எழுத்து

எல்லாரும் சேர்ந்து மீட்டரை (யார் எவ்வளவு அடிச்சாங்கன்னு வரிசை போட்டுக் காட்டுற பட்டியல்) திட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு.

பாஸுக்கு 60 கோடி உயிர், 8 நிமிஷத்துல வெறி ஏறிடும் (அதுக்கு மேல அதோட அடியை யாரும் தாங்க முடியாது)னு வைங்க. 480 விநாடி, அப்ப விநாடிக்கு 12.5 லட்சம் வேணும். ரெண்டு டேங்க் (பாஸோட அடியைத் தாங்குறவர்), நாலு ஹீலர் (காயம் ஆத்துறவர்) சேர்ந்து 1.1 லட்சம் போட்டா மீதி 11.4 லட்சம். 14 டிபிஎஸ் (விநாடிக்கு இவ்வளவு அடிங்கிற கணக்கு, அடிக்கிறதே வேலையா இருக்கிறவங்களுக்கும் அதே பேர்) பங்கு போட்டா தலைக்கு 81,400. ஒருத்தர் 60,000தான் அடிக்கிறார்னா மீதி 13 பேரும் தலைக்கு 1,650 கூட அடிக்கணும். "மெக்கானிக் (பாஸ் காட்டுற வித்தைகளைச் சமாளிக்கிற வேலை) எல்லாம் சரியா பண்றார், அடிதான் கொஞ்சம் கம்மி"ன்னா அந்தக் கம்மியை யாரோ சுமக்கிறாங்கன்னுதான் அர்த்தம். ஆளைப் பத்தி ஆயிரம் அபிப்பிராயம் சொல்லலாம். பாஸோட உயிர்க்கோடு எந்த அபிப்பிராயத்தையும் கேட்காது.

பச்சைப்பட்டை

கணக்கு அருமை. அதையே இன்னும் ரெண்டு வரி நீட்டிப் பார்ப்போமா?

60,000 அடிச்சு கடைசி வரைக்கும் நின்னவர், பங்குல 21,400 குறை. 95,000 அடிக்கிற சூரர் 2 நிமிஷத்துல நெருப்புல நின்னு செத்தார்னா, 480 விநாடிக்கு அவர் சராசரி 23,750. குறை 57,650. உங்க 13 பேர் இப்ப தலைக்கு 4,400க்கு மேல கூட அடிக்கணும். சாவுதான் உலகத்திலேயே பெரிய டிபிஎஸ் இழப்பு.

"பேட்டில் ரெஸ் இருக்கே"ன்னு, அதான் செத்தவரைச் சண்டை நடுவுலயே எழுப்புற மந்திரம், அதைச் சொல்லிக்கிட்டு வருவீங்க. ரெய்டுல அது பொதுச் சொத்து. ஒண்ணோட ஆரம்பிக்கும், அப்புறம் 90 நிமிஷத்தை ஆள் எண்ணிக்கையால வகுத்து வர்ற நேரத்துக்கு ஒண்ணு. 20 பேருக்கு 4 நிமிஷம் 30 விநாடி. உங்க 8 நிமிஷ சண்டைக்கு மொத்தம் ரெண்டு. முதல் ஒண்ணை நெருப்புல நின்னவருக்குச் செலவு பண்ணிட்டா, 4 நிமிஷத்துல டேங்க் விழுந்தா வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.

எண்ணே_எழுத்து

சரி, அந்த இடத்துல தோத்தேன். ஆனா சாவையும் எண்ணாத்தானே எழுதினீங்க!

பச்சைப்பட்டை

எண் வேண்டாம்னு யார் சொன்னா? எந்த எண்ணுங்கிறதுதான் பேச்சு.

ஹீலரை எடைபோட ஹீலிங் மீட்டரைப் பார்க்காதீங்க. அடிக்கு எல்லை கிடையாது, ஆனா குணப்படுத்த வேண்டிய காயத்துக்கு எல்லை உண்டு. ஒருத்தர் முந்திக்கிட்டா அடுத்தவர் வேலை ஓவர்ஹீல் (வீணாப்போன குணப்படுத்தல்) ஆயிடும். நாலு பேர்ல முதல் இடம்னா அவர்தான் சிறந்தவர்னு இல்ல, முந்திரிக்கொட்டையாவும் இருக்கலாம். நான் பார்க்கச் சொல்றது இதுதான்: பெரிய கூட்டுக் காயம் விழுற நேரம் பதிவுல இருக்கும். அந்த நேரத்துக்கு ஒதுக்கின கூல்டவுன் முன்னாடி விழுந்துச்சா, பின்னாடி விழுந்துச்சா? ரெண்டு ஹீலர் ஒரே நொடியில கொட்டிட்டு அடுத்ததுக்கு ஒண்ணும் இல்லாம நின்னாங்களா? பாஸ் 10 விழுக்காட்டுல இருக்கும்போது மானா (மந்திரம் போடச் செலவாகுற சக்தி) எவ்வளவு? 60 விழுக்காடு மிச்சம் வச்சுக்கிட்டு ஆளைச் சாகவிட்டவரும் தப்பு, பாதிச் சண்டையில வத்திப்போனவரும் தப்பு.

டிபிஎஸ் ஆட்களுக்கு: ஒவ்வொரு சாவுக்கும் கடைசி 5 விநாடியைத் திறந்து பாருங்க. ஒரே அடியா, மூணு அடியா? தற்காப்புத் திறன் கையில இருந்துச்சா? ஹெல்த்ஸ்டோன் (உயிர் ஏத்துற கல்) பையிலேயே கிடந்துச்சா? மூணு அடி வாங்கி, 4 விநாடி இருந்து, தற்காப்பு எதையும் அழுத்தாம செத்தவர் "ஹீல் வரல"ன்னு சொன்னா நான் பதில் சொல்றதில்ல.

கேடயக்காரன்

டேங்க் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மீட்டரில் தெரியாத வேலை அதுதான்.

பாஸ் எத்தனை தடவை தேவையில்லாமல் நகர்ந்தது என்று எண்ணுங்கள். ஒரு தேவையற்ற நகர்வில் எட்டு மெலீ (பக்கத்தில் நின்று அடிக்கும்) ஆட்கள் தலைக்கு 3 விநாடி இழந்தால், 1.5 விநாடி ஜிசிடி (ஒரு திறனுக்கும் அடுத்ததுக்கும் இடையே கட்டாய இடைவெளி) கணக்கில் 16 அடி போச்சு. சண்டைக்கு ஐந்து நகர்வு என்றால் 80. இந்த 80 அடி மெலீ ஆட்களின் கணக்கில்தான் குறையாகப் பதிவாகும். "நம்ம மெலீ எல்லாரும் மந்தம்" என்று தலைவர் சொல்லும் கூட்டங்களில் முதலில் டேங்க் காலடியைப் பாருங்கள்.

அடுத்தது பாஸ் பார்க்கும் திசை. வாயிலிருந்து கூம்பாக நெருப்புக் கக்கும் பாஸைத் திருப்பும்போது சுற்றிக் கொண்டுபோகிறாரா, கூட்டத்தின் வழியாகத் திருப்புகிறாரா? டாண்ட் (பாஸைத் தன் பக்கம் இழுப்பது) மாற்றம் மற்றவர் கேட்ட பிறகா, மற்ற டேங்க் மேல் ஏறும் பாதிப்பின் அடுக்கு எண்ணைப் பார்த்துத் தானாகவா? தற்காப்பு பெரிய அடிக்கு அரை விநாடி முன்னாலா, உயிர் 20 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகா? பின்னாலே அழுத்துகிறவர் உயிர் பிழைப்பது ஹீலர் தயவில்.

ஐந்து பேர் நிலவறையில் இன்னொன்று: அவர் எவ்வளவு பெரிதாக இழுக்கிறார் என்பதல்ல, எதை எதோடு சேர்த்து இழுக்கிறார் என்பது. அது கிக் (எதிரி ஓதும் மந்திரத்தை நடுவில் தடுப்பது) கணக்கு. அதை மூணாவது_கிக் சொல்லட்டும்.

மூணாவது_கிக்

கூப்பிட்டதுக்கு நன்றிண்ணா. முதல்ல, "அதிகமா கிக் பண்ணவர்" பட்டியலை நம்பாதீங்க. ஷாமன் வகுப்போட கிக்கான விண்ட் ஷியர் 12 விநாடிக்கு ஒரு தடவை வரும், ரோக் வகுப்போட கிக் 15க்கு ஒரு தடவை. ஷாமன் பட்டியல்ல மேல வர்றது இயற்கை.

இழுக்கிறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு: கூட்டத்துல 12, 15, 15, 15 விநாடி கிக் இருக்கு. நிமிஷத்துக்கு 5+4+4+4, மொத்தம் 17. எதிர்ல மூணு மந்திரவாதிங்க, ஒவ்வொண்ணும் 8 விநாடிக்கு ஒரு தடவை ஓதும். நிமிஷத்துக்கு 22. ஒரு கிக்கூட வீணாகாட்டியும் அஞ்சு மந்திரம் தப்பி வரும். அந்த அஞ்சை ஸ்டன்ல (எதிரியை மயக்கி நிறுத்துற திறன்) அடக்கணும், இல்ல பக்கத்துக் கூட்டத்தைச் சேர்க்காம விடணும். ஸ்டனுக்கும் கிக்குக்கும் வித்தியாசம் தெரியாதவங்க நிறைய. கிக் அந்த மந்திரவகையைச் சில விநாடி பூட்டும். ஸ்டன் நிறுத்தும், பூட்டாது. மயக்கம் தெளிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து ஓத ஆரம்பிக்கலாம். அதனால ஸ்டன் போட்டவர் அடுத்த ஓதலுக்கு யார் கிக் வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுதான் போடணும்.

ஆளை எடைபோட மூணு கேள்வி. எந்த மந்திரத்தைத் தடுத்தார்? ஆளைக் கொல்ற மந்திரத்தையா, சும்மா வீசுற போல்ட்டையா? ஒரே ஓதல் மேல ரெண்டு பேர் கிக் விழுந்துச்சா? அதுல இவர் பின்னாடி விழுந்தவரா? கடைசியா, தன் முறையைத் தவற விட்டா "என் கிக் இல்ல"ன்னு முன்கூட்டிச் சொன்னாரா? இந்த மூணாவது எந்தப் பதிவுலயும் வராது. காதுலதான் கேட்கும்.

கிக் எப்பவும் முதல் அரை விநாடியில விழுதா, அதையும் பாருங்க. ஓதல் கோடு பாதி தாண்டட்டும்னு காத்திருக்கிறவரால ரெண்டாவது ஆளுக்கு முடிவெடுக்க நேரம் கிடைக்கும். அவசரக்காரர் தானும் அழுத்தி, அடுத்தவரையும் அழுத்த வைப்பார்.

படிகவாசி

இங்கே எல்லாமே வார்கிராஃப்ட்டாக இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே வெளி மென்பொருள் எதுவும் விதிப்படி கூடாது. சாட்டில் ஒருவரின் டிபிஎஸ் எண்ணைச் சொல்லித் திட்டினால், தண்டனை வாங்கப்போவது நீங்கள்தான். அதனால் கண்ணால் படிக்கும் பழக்கம் அங்கே அதிகம்.

எட்டுப் பேர்: இரண்டு டேங்க், இரண்டு ஹீலர், நான்கு டிபிஎஸ். ஜிசிடி 2.5 விநாடி, நிதானமானது. நிதானமாக இருப்பதால்தான் ஓட்டை பளிச்சென்று தெரியும். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு நிமிடக் கணக்கு. கூட்டு பஃப்கள் (எல்லோருடைய பலத்தையும் கூட்டும் திறன்கள்) பெரும்பாலும் 120 விநாடிக்கு ஒருமுறை ஒன்றாக விழும்படிதான் அமைந்திருக்கின்றன. ஒருவர் தன்னுடையதை ஒவ்வொரு முறையும் 5 விநாடி தாமதித்தால், நாலாவது சுற்றில் 15 விநாடி விலகியிருப்பார். மற்றவர்களின் பெரிய அடிகள் அதற்குள் முடிந்திருக்கும். அவருடைய சொந்த அடி அவ்வளவாகக் குறையாது, மற்ற ஏழு பேருடையதுதான் குறையும். மீட்டர் இருந்தாலும் இது யார் தலையிலோ விழும்.

செத்து எழுந்தவருக்கு பலவீனம்: முக்கியப் பண்புகள் 25 விழுக்காடு குறைவு, 100 விநாடிக்கு. அதற்குள் மறுபடி செத்தால் 50. அதனால் இங்கே "எழுப்பிவிட்டால் போச்சு" என்பது இன்னும் கசப்பான கணக்கு. ஒருவரின் தனி அடியை மட்டும் சோதிக்க வேண்டுமானால் விளையாட்டுக்குள்ளேயே ஸ்டோன், ஸ்கை, ஸீ என்ற பொம்மைச் சோதனை இருக்கிறது. நேரத்துக்குள் பொம்மையை உடைக்க வேண்டும். அதில் தோற்றவர் சண்டையில் உடைக்கப் போவதில்லை. அதில் ஜெயித்தவர் நகர்ந்துகொண்டே அடிப்பாரா என்பதை அது சொல்லாது.

நிழற்கூத்தன்

கில்ட் வார்ஸ் 2ல இந்தத் தலைவலி இன்னும் மோசம். பத்துப் பேர் ரெய்டு, அஞ்சஞ்சா ரெண்டு உட்குழு. ஒரு பூன் (ஒருத்தர் கூட்டத்துக்குக் கொடுக்கிற பலம்) பெரும்பாலும் அஞ்சு பேரைத்தான் தொடும். குவிக்னெஸ் கிடைச்சா கை 50 விழுக்காடு வேகமாகும், அலாக்ரிட்டி கிடைச்சா திறன்கள் 25 விழுக்காடு வேகமாத் திரும்பும். இந்த ரெண்டையும் கொடுக்கிறவர் பட்டியல்ல கீழே கிடப்பார், வாங்கினவர் மேல நிப்பார். டிபிஎஸ் குறையா இருந்தா முதல்ல அவருக்கு குவிக்னெஸ் எத்தனை விழுக்காடு நேரம் இருந்துச்சுன்னு பாருங்க. 95 இருந்தும் அடி இல்லைன்னா ஆள் பிரச்சினை. 55தான் இருந்துச்சுன்னா ரெண்டே வழி: கொடுக்கிறவர் தவறவிட்டார், இல்ல இவர் கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்னார். வீடியோவை அஞ்சு விநாடி பார்த்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

தூரத்துவில்

பதிவு இருந்தா சரி. பக் கூட்டம் (அப்பப்ப கிடைச்ச ஆட்களைச் சேர்த்தது), முன்பின் தெரியாத ஆள், பத்து நிமிஷத்துல முடிவு எடுக்கணும்னா?

கேடயக்காரன்

முதல் வைப்புக்கு (மொத்தக் கூட்டமும் செத்துப்போவது) பிறகு பாருங்கள். மூன்று வகை ஆட்கள். "யார் பண்ணது?" என்று கேட்பவர். ஒன்றும் பேசாமல் ஓடி வந்து, உணவு, ஃபிளாஸ்க் (பலம் கூட்டும் பானம்) போட்டுத் தயாராக நிற்பவர். "அந்த இரண்டாவது வட்டத்துக்கு நான் போகணுமா, வேட்டைக்காரர் போகணுமா?" என்று கேட்பவர். மூன்றாமவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுப்புழு

அதோடு ஒன்று. முதல் தவறை எண்ணவே எண்ணாதீர்கள். புது பாஸில் முதல் மூன்று, நாலு புல் (பாஸ் மேல் ஒவ்வொரு முயற்சியும் ஒரு புல்) எல்லோருக்கும் குருட்டாட்டம்தான். எண்ண வேண்டியது அதே தவறு எத்தனையாவது முறை என்பதை. நாலாவது புல்லில் செத்த அதே மெக்கானிக்கில் ஆறாவதில் தப்பி, ஏழாவதில் வேறொன்றில் செத்தவர் கற்றுக்கொண்டிருக்கிறார். பத்தாவதிலும் அதே இடத்தில் அதே விநாடியில் செத்தவருக்குத் திரையில் அது தெரியவே இல்லை. பல சமயம் அது திறமைக் குறை அல்ல, அமைப்புக் குறை: எச்சரிக்கை ஆட்-ஆன் ஒலி அணைந்திருக்கும், எதிரிப் பெயர்ப்பலகை மூடியிருக்கும், தரை வட்டங்கள் தெரியாத அளவுக்கு எஃபெக்ட் கொட்டிக் கிடக்கும். ஆளை நீக்குவதற்கு முன் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூணாவது_கிக்

வைப்புக்குக் காரணம் தேடும்போது கடைசியா செத்தவரைப் பிடிக்கிறதும் பழக்கமாயிடுச்சு. பின்னோக்கி நடங்க. 2:10ல வில்லாளி செத்தார். ஏன்? 2:07ல உயிர் 30 விழுக்காடு. ஏன்? 2:04ல வட்டத்துல அஞ்சு பேர் நிக்கணும், நாலு பேர்தான் நின்னாங்க, மொத்தக் கூட்டத்துக்கும் காயம். அஞ்சாவது ஆள் எங்கே? 2:01ல ஒருத்தர் கூட்டத்துக்கு நடுவுல வெடிச்சதுல தூக்கி எறியப்பட்டார். வெடிச்சவர் உயிரோட, ஆரஞ்சு நிறத்துல, மீட்டர் உச்சியில நிக்கிறார்!

எண்ணே_எழுத்து

அரீனா (ஆட்களோடயே மோதுற ஆட்டம்) மதிப்பெண் பத்தி யாரும் பேசலையே. அதுவாவது நேர்மையா இருக்காதா?

நிழற்கூத்தன்

எலோ வகைக் கணக்குல (ஜெயிச்சா ஏறி, தோத்தா இறங்குற மதிப்பெண்) 200 புள்ளி வித்தியாசம்னா மேல இருக்கிறவர் நாலுல மூணு தடவை ஜெயிப்பார், 400ன்னா ஒரு தோல்விக்குப் பத்து வெற்றி. சதுரங்கத்துக்கு அருமை, ஒருத்தருக்கு எதிர்ல ஒருத்தர். மூணு பேர் கூட்டா ஆடினா அந்த எண் மூணு பேருக்கும் ஒட்டிக்கும். கூட்டாளி மாறி மாறி நூத்துக்கணக்குல ஆட்டம் ஆடினாத்தான் தனி ஆள் அளவு பிரிஞ்சு வரும். அதோட ஆளுக்கு எதிரா நல்லா ஆடுறவர் பாஸ் நடனத்தையும் நல்லா ஆடுவார்னு கட்டாயம் இல்ல. தற்காப்பைச் சரியான நொடியில அழுத்துற பழக்கம் மட்டும் அங்கேருந்து கூடவே வரும். அது பெரிய சொத்துதான்.

தூரத்துவில்

நிறைய கிடைச்சது. கடைசியா ஒரு நேரடிக் கேள்வி. ரெண்டு பேர், ஒரு இடம். ஒருத்தர் இடைநிலை 93, பத்து புல்லுக்கு நாலு தடவை முதல் மூணு சாவுல ஒண்ணு. இன்னொருத்தர் இடைநிலை 58, சாகிறதே இல்ல. யாரை எடுப்பீங்க?

பதிவுப்புழு

புது பாஸ் என்றால் 58. பாஸைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சண்டையின் பின்பகுதியைப் பார்க்க வேண்டும். சாகாதவர்கள்தான் அங்கே கொண்டுபோவார்கள். ஏற்கெனவே வாராவாரம் அடிக்கும் பாஸ் என்றால் 93.

எண்ணே_எழுத்து

கடைசி பாஸோட வெறி நேரம் இறுக்கமா இருந்தா 58 எட்டாது. அப்ப என்ன பண்ணுவீங்க? 93க்குச் சாகாம இருக்கக் கத்துக்கொடுக்கலாம். 58க்கு அடிக்கக் கத்துக்கொடுக்கிறது கஷ்டம்.

பச்சைப்பட்டை

தலைகீழா சொல்றீங்க. 58ஓட பதிவுல செயல்நேரத்தைப் பாருங்க. சண்டை நேரத்துல 84 விழுக்காடுதான் ஏதாவது அழுத்திக்கிட்டு இருந்தார்னா, பயந்து பயந்து நகர்றார். அதை ஒரு மாசத்துல 95 ஆக்கலாம், எண் தானா ஏறும். செயல்நேரம் ஏற்கெனவே 97 இருந்தும் 58னா தப்பான பட்டனை அழுத்துறார். அதுக்கு வழிகாட்டியைப் படிச்சு, பொம்மை முன்னாடி நிக்கணும். அதுவும் ஆகாத காரியம் இல்ல. 93 சாகிறது பேராசையாலன்னா, அதாவது இன்னும் ஒரு அடி அடிச்சுட்டு நகரலாம்னு நிக்கிறவர்னா, அந்தப் பேராசைதான் அவரோட 93. அதை எடுத்தா எண்ணும் இறங்கும்.

மூணாவது_கிக்

ரெண்டு பேரையும் ஒரே ராத்திரி கூப்பிடுங்க. முதல் பத்து புல்லுக்கு ஒருத்தருக்கு ரெண்டாவது கிக், இன்னொருத்தருக்கு வட்டத்துல நிக்கிற வேலை. அடுத்த பத்துக்கு மாத்துங்க. அந்த இருபது புல்லுக்கும் மீட்டர் ஜன்னலை மூடி வச்சிருங்க, அவங்களுக்கும் உங்களுக்கும். யார் வேலை எத்தனை தடவை தவறுச்சு, தவறினதை யார் முதல்ல சொன்னாங்க, இந்த ரெண்டையும் காகிதத்துல கோடு போட்டுக் குறிங்க. மீட்டரை மறுநாள் காலையில திறங்க.

தூரத்துவில்

சரி. வியாழக்கிழமைக்குக் கூப்பிட்டாச்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. மீட்டர் மூடணும்னதும் 93 மட்டும் "ஏன்?"னு கேட்டார்.